விளையாட்டுப் பொறி வாணிகம்

நெல் விற்பவர் நெல்லில் ஆதாயம் காண்பர். துணி விற்பவர் துணியில் காண்பர். ஒரு பொருளை நட்டத்திற்கு விற்று, மற்றொரு பொருளால் அந்நட்டத்தை ஈடு செய்யும் வாணிகமும் உலகில் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீடியோ கேம் ஆடுதற்குரிய பொறிகளின் வாணிகம் அத்தகையது. பொறியை ஒரு முறை வாங்கியவர், அதில் ஆடும் விளையாட்டுகளைப் பன்முறை வாங்குவர். அவ்விளையாட்டுகளை ஆக்கும் பிற நிறுவனத்தார், விற்பனைக்கு விடும் ஒவ்வொரு படிக்கும் பொறி செய்தவர்க்கு உரிமத் தொகை செலுத்துவர். ஆதலின் பொறியை அடக்க விலைக்கும் குறைத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டுதல் இயலும். ஆயின், விளையாட்டு ஆக்குவோர் விலகிச் சென்றால் பொறி வெறும் பெட்டியே.

ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1889 ஆம் ஆண்டில் கியோத்தோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தோன்றியது. அந்நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் தன் பொறியை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றபோது, ஆங்கு இவ்வாணிகம் நிலைகுலைந்து கிடந்தது. எவரும் விளையாட்டு செய்து விற்கலாம் என்றிருந்தமையால், தரமற்ற சரக்கு கடைகளில் குவிந்து, 1983 ஆம் ஆண்டில் விலை சரிந்து, நிறுவனங்கள் பல வீழ்ந்தன. அதனை உணர்ந்த நிண்டெண்டோ, பொறிக்குள் ஒரு காவற்சில்லைப் பொருத்தியது. இசைவு பெறாத விளையாட்டு அதில் இயங்காது. இசைவு பெற்றவரும் ஆண்டொன்றுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம்; அவற்றைப் பதியும் கார்ட்ரிஜ் என்னும் பேழைகளையும் நிண்டெண்டோ வாயிலாகவே செய்வித்தல் வேண்டும். தரத்தைக் காக்க இட்ட வேலி, உள்ளிருந்தோர்க்குச் சிறையாகவும் அமைந்தது. மக்கள் அப்பொறியையே விரும்பி வாங்கினமையால் அவர்கள் பொறுத்திருந்தனர்.

சேகா என்னும் மற்றொரு நிறுவனம் எதிர்த்து நின்றது. 1991 ஆம் ஆண்டில் சோனிக் என்னும் நீலநிற முள்ளெலியின் விளையாட்டைப் பொறியோடு சேர்த்து, விலையையும் குறைத்து, அமெரிக்காவில் பெரும்பங்கைக் கைப்பற்றியது.

அதே ஆண்டில் நிண்டெண்டோ தானே ஒரு பகையைத் தேடிக்கொண்டது. குறுந்தகட்டால் இயங்கும் கருவியொன்றைச் சோனி நிறுவனத்தோடு கூடிச் செய்ய அது உடன்பட்டிருந்தது. ஜூன் மாதம் சிக்காகோ நகரப் பொருட்காட்சியில் சோனி அக்கருவியை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, தன் கூட்டாளி பிலிப்ஸ் நிறுவனம் என்று அறிவித்தது! குறுந்தகட்டு விளையாட்டுகளின் உரிமம் சோனியின் கையில் சேரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். வீட்டுச் சாவியைப் பிறரிடம் கொடுக்க யாரும் அஞ்சுவர், அவ்வச்சம் பிழையன்று. ஊரறியச் செய்த அவமதிப்பே பிழை.

சோனியின் பொறிஞர் கென் குடராகி தளரவில்லை. அவர் முயற்சியால் 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது. பேழை செய்யச் செலவு மிகுதி. பல வாரங்களுக்கு முன்பே எண்ணிக்கை சொல்லிச் செய்வித்தல் வேண்டும். விற்காமல் தங்கினால் பெருநட்டம். குறுந்தகடோ மலிவானது, வேண்டியபோது விரைவில் அச்சிடத்தக்கது. விளையாட்டு ஆக்குவோர் எப்பக்கம் சாய்வர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நிண்டெண்டோ 1996 இல் வெளியிட்ட பொறியிலும் பேழையையே வைத்தது. விரைந்து இயங்கும், கள்ளப்படி எடுத்தல் அரிது என்பன அதன் நன்மைகள். எனினும், பல்லாண்டு உடனிருந்த ஸ்கொயர் நிறுவனம் பிரிந்து, 1997 இல் தன் புகழ்பெற்ற ஃபைனல் ஃபேன்டசி வரிசையின் ஏழாம் விளையாட்டைப் பிளேஸ்டேஷனுக்கே அளித்தது.

சேகாவை வீழ்த்தியது அவசரம். 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரக் கண்காட்சியில், தன் சாட்டர்ன் பொறி அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது என்றும், விலை 399 டாலர் என்றும் அது அறிவித்தது. சில கடைகளுக்கே சரக்குக் கிட்டியது. ஏனைய வணிகர் சினங்கொண்டனர். விளையாட்டுகளும் போதிய அளவில் ஆயத்தமாகவில்லை. அதே கண்காட்சியில் சோனியின் சார்பில் மேடையேறியவர் "299" என்று மட்டும் கூறி இறங்கினார். அரங்கம் ஆரவாரித்தது.

பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோவின் பொறி ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம். சாட்டர்ன் ஒரு கோடியையும் எட்டவில்லை. 2001 ஆம் ஆண்டில் சேகா பொறி செய்வதையே கைவிட்டுப் பிறர் பொறிகளுக்கு விளையாட்டு ஆக்கத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள், நிண்டெண்டோவை எதிர்க்கப் பிறந்த நீல முள்ளெலி நிண்டெண்டோவின் பொறியிலேயே ஓடலாயிற்று.