தோட்டத்துச் சொற்களில் முன்னோர் பட்ட பாடு

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் முதியவர் இருவர் அறிமுகமாகிப் பேசத் தொடங்கினால், "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்னும் வினா சற்று நேரத்தில் எழுந்துவிடும். அவ்விருவரும் தோட்டத்தை விட்டு நீங்கி நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அத்தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறியிருக்கலாம். ஆயினும் அவ்வினாவுக்கு உடனே விடை கிடைக்கும். அவர்களுடைய பாட்டனார் காலத்தில் இதே வினா "எந்த ஊர்?" என்றிருந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று விடை வந்தது. 'ஊர்' இருந்த இடத்திற்குத் 'தோட்டம்' வந்து சேர்ந்த அந்த இடைவெளிக்குள்தான் குடியேற்றம் என்று நாம் சொல்லும் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

குடியேறியோர் என்று அம்முன்னோரைக் குறிப்பிடுகிறோம். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் குடியேறும் எண்ணத்துடன் கப்பலேறியவர் அல்லர். சில ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்து, கையில் சிறிது பணத்துடன் ஊர் திரும்புவதே நோக்கம். திரும்பியவர் பலர், திரும்ப இயலாமல் மாண்டவரும் பலர். எஞ்சியவர்களின் வழித்தோன்றல்களே இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நாம். அவர்கள் கைப்பட எழுதிவைத்த நாட்குறிப்போ கடிதக்கட்டோ நமக்கு வாய்த்தது மிகக் குறைவு. அரசு ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர். எனவே அவர்கள் வாயிலிருந்து வழிவழியாக வந்த சொற்களைச் சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சான்றை எவ்வளவு நம்பலாம், எங்கே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

முதலில் 'சஞ்சி'. மலாய் மொழியில் 'ஜஞ்சி' என்றால் வாக்குறுதி, ஒப்பந்தம். ஒப்பந்தக் கூலியாக வந்தவரைச் சஞ்சிக்கூலி என்றனர். பயணச் செலவும் முன்பணமும் அவர் தலையில் கடனாக ஏறின. கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு விலகுவது குற்றம். விலகினால் சிறைத்தண்டனை உண்டு. இம்முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்தவர்கள் கங்காணி வழியாக வந்தவர்கள். சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு நீங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆனால் குடும்பக் கதைகளில் இவ்விரு காலங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 1920களில் வந்த பாட்டனாரையும் 'சஞ்சியில் வந்தவர்' என்று பேரப்பிள்ளைகள் சொல்வதுண்டு. ஆண்டுக்கணக்கில் இது பிழை. எனினும் காட்டின் நடுவே, கையெழுத்தறியாமல், கங்காணியிடம் கடன்பட்டுக் கிடந்தவருக்குச் சட்டம் தந்த அந்த ஒரு மாத உரிமை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பிழைக்குள்ளும் ஓர் உண்மை இருப்பது விளங்கும்.

'கங்காணி' நம்முடைய பழஞ்சொல்லே. சோழர்காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் 'கண்காணி' எனப்பட்டார். தோட்டத்திலோ ஆள்சேர்த்து வருபவரும் வேலை வாங்குபவரும் அவரேயானார். தோட்ட நிருவாகம் அவரைச் சொந்த ஊருக்கே அனுப்பிற்று. உறவினரையும் அண்டை அயலாரையும் அவர் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றினார். அவருக்குக் கீழ் வேலைசெய்த ஒவ்வொருவர் பேரிலும் கிடைத்த தொகைக்குத் 'தலைக்காசு' என்று பெயர். மனிதரைத் தலையாக எண்ணிய முறையை இதைவிட நேராகச் சொல்லும் சொல் இல்லை. வழித்தோன்றல்களின் நினைவில் கங்காணியே கொடியவராக நிற்கிறார். இதிலும் ஒரு திருத்தம் தேவை. 1907இல் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியே முதலாளிமாரிடம் வரி பெற்றுக் கப்பற் கட்டணத்தைச் செலுத்தியது. ஆள் வேண்டிய அளவும் கூலி விகிதமும் அதிகாரிகளும் தோட்ட உரிமையாளரும் கூடிய இடத்தில் முடிவாயின. தொழிலாளி கண்ணாரக் கண்டது கங்காணியைத்தான். ஆதலால் வசையும் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

தோட்டத்துக்கு முன்பே இரயில் பாதை வந்தது. கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த பாதை 1886இல் திறக்கப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. இருப்புப்பாதையை நம்மவர் 'கம்பிச் சடக்கு' என்றனர். இப்பாதையின் பராமரிப்பில் தமிழ்த் தொழிலாளரும், அலுவலகங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழரும் பணிபுரிந்தனர். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது இவ்வாறே. அங்கு 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியதும் இச்சமூகத்தின் முயற்சியால்தான். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரிடையே நிலவிய இடைவெளியையும் மறைப்பதற்கில்லை. மலாய் மொழியிலும் வழங்கும் 'கிராணி' என்னும் சொல்லைத் தோட்டத்து மக்கள் மரியாதையோடு மட்டும் உச்சரிக்கவில்லை.

இனி, நினைவுகளிலெல்லாம் ஆழமாகப் பதிந்த காய்ச்சலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். சுவெட்டன்ஹம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், 1901இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தின் நடுவே அமைந்த அத்துறைமுகத்தில் சில மாதங்களிலேயே மலேரியா பரவிற்று. தொழிலாளரும் அதிகாரிகளும் ஒருங்கே விழுந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அவ்வாண்டில் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கொசுவே நோயைப் பரப்புகிறது என்னும் அன்றைய புதிய கண்டுபிடிப்பைக் கொண்டு, சதுப்பில் வடிகால் வெட்டியும் காட்டை அகற்றியும் நோயைக் கட்டுப்படுத்தினார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானுக்கு இடம் கிடைத்தது இதனால்தான். அந்த வடிகால்களை மண்வெட்டி கொண்டு வெட்டியவர் யார் என்பதை அவ்வரலாறு பெயர்சொல்லிக் கூறுவதில்லை.

இதில் வியப்பும் துயரமும் கலந்த செய்தி ஒன்று உண்டு. கடற்கரைச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழல்படிந்த காட்டுச் சதுப்பில் வளர்வது. காட்டை அழித்து நீரை வடித்தால் அது அழியும். மலையடிவாரத்தில் வாழும் கொசுவோ வெயில்படும் தெளிந்த நீரோடையில் வளர்வது. காட்டை அழித்தால் அது பெருகும். ஆகவே ஒரே வேலை கிள்ளான் சமவெளியில் உயிரைக் காத்தது. குன்றுப்பகுதித் தோட்டங்களில் உயிரைக் குடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய ஆண்டுகளில், குன்றுச் சரிவுகளிலும் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. புதிதாக வந்திறங்கியவர் அங்கே கொத்துக்கொத்தாக மாண்டனர். 'அந்தத் தோட்டத்துத் தண்ணீர் சரியில்லை' என்று பழைய மக்கள் சொல்லி வந்ததை அறியாமை என்று தள்ளுவதற்கில்லை. காரணம் ஓடையில் இருக்கிறது என்பதை அவர்கள் எவ்வாறோ உணர்ந்திருந்தனர். நோய்க்குக் 'கொய்னா' தரப்பட்டது. அதன் கசப்பு, கொய்னாவைக் கண்ணால் காணாத பேரர் காலம்வரை பேச்சில் நீடித்தது.

வேலைக்காட்டுச் சொற்கள் இன்னும் பல. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் 'பெரட்டு', ஆங்கிலப் 'பரேடு' என்பதன் திரிபு. ரப்பருக்குக் 'கித்தா' என்றும், பால் வடியும் கிண்ணத்துக்கு 'மங்கு' என்றும் மலாயிலிருந்து பெயர் பெற்றனர். மரத்தின் கீறலில் உறைந்ததை 'ஒட்டுப்பால்' என்று தாமே பெயரிட்டனர். இவற்றுள் நாம் சிறப்பாகக் கருதுவது 'ஆயாக்கொட்டகை'. தாயும் பால்வெட்டுக்குப் போனால்தான் குடும்பம் பிழைக்கும். ஆகவே பச்சிளங் குழந்தைகள் வேலைக்குப் போக இயலாத ஒரு மூதாட்டியின் பொறுப்பில் கொட்டகையில் விடப்பட்டனர். பெண்கள் ஆணுக்கு நிகராக மரம் வெட்டிக் குறைந்த கூலி பெற்றதையும், விடியற்காலை இருளில் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் இந்த ஒரு சொல்லே காட்டும்.

1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தின்போது ரப்பர் விலை வீழ்ந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறியதும் மீண்டும் ஆள் கேட்டனர். தேவைப்படும்போது திறந்து, தேவையற்றபோது அடைக்கும் குழாயாகவே இம்மக்கள் கருதப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. இங்கிருந்தவர் இங்கேயே வேரூன்றும் காலம் அதன்பின் தொடங்கிற்று.

வேரூன்றியவர் கேட்கவும் தொடங்கினர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் நம் வரலாற்றில் தனியே எழுதத்தக்கது. பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், தோட்டத்துப் பெண்களைத் தொல்லைப்படுத்துவதற்கு முடிவு ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ தோட்ட அலுவலரையோ எதிரில் கண்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். கூலிக் கோரிக்கையை மட்டும் எண்ணி இப்போராட்டத்தை அளப்போர் இந்த மிதிவண்டியை மறந்துவிடுகின்றனர். மே மாதத்தில் நாதன் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு முடிவதற்குள் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் தொகை பெரிது. 'சயாமுக்குப் போனார்' என்று ஒரு முதியவர் சொல்லி நிறுத்திவிட்டால், அதற்குமேல் கேட்கக்கூடாது என்பது குடும்பங்களில் எழுதாத விதி. மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்த கதையை விரிவாகச் சொல்பவர்கூட இதை ஒரு தொடரோடு முடித்துக்கொள்வார். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலையும் எழுதி அம்மௌனத்தை ஓரளவு கலைத்தனர்.

இன்று சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயாவின் வீடுகள் நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸின் நூறு வீட்டுக் குடியிருப்பும் இடிக்கப்பட்டுவிட்டது. வேலைக்காடு மறைந்தபின் அதன் சொற்கள் மட்டும் நெடுநாள் தங்கா. அகராதியில் 'மங்கு - கிண்ணம்' என்று எழுதிவிடுவது எளிது. அதனால் பயன் சிறிதே. எந்தத் தோட்டத்தில் வழங்கியது, யார் சொன்னார், எந்த வேலையின்போது, எந்த ஆண்டுகளில் என்னும் விவரங்களோடு பதிவுசெய்ய வேண்டும். ஒரே பொருளுக்கு இரு தோட்டங்களில் இரு சொல் இருந்தால் இரண்டையும் எழுதவேண்டும். முதியவர் கூறும் ஆண்டு ஆவணத்தோடு பொருந்தாவிடில் அவரை மறுத்துரைக்காமல், இரண்டையும் அருகருகே குறித்துக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்குவதற்கு "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்னும் பழைய வினா போதும். அடுத்து ஆயாக்கொட்டகையைப் பற்றிக் கேட்பது நல்லது. பெண்கள் அப்போதுதான் மனம்திறந்து பேசத் தொடங்குகின்றனர்.