சிறுநீர்ப்பையின் நரம்புகளும் றோபோ சத்திரசிகிச்சையும்

புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் வெற்றி நெடுங்காலமாக ஒரே அளவுகோலினால் மதிப்பிடப்பட்டு வந்தது. நோயாளி உயிர் பிழைத்தாரா என்பதே அவ்வளவுகோல். கட்டி அகன்றபின் அவர் எவ்வாறு வாழ்கின்றார் என்னும் வினா பிற்காலத்திலேயே எழுந்தது. கருப்பைக் கழுத்து, நேர்குடல், புரொஸ்ரேற் சுரப்பி ஆகிய இடுப்புக்குழி உறுப்புக்களின் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வினா மிகக் கூர்மையானது. உயிர் மீண்ட ஒருவர் சிறுநீரை அடக்கவோ முற்றாகக் கழிக்கவோ இயலாது வீட்டினுள் ஒடுங்கிவிடுதல், வெட்கத்தினால் வெளியே சொல்லப்படாத துன்பமாகும்.

இத்துன்பத்தின் காரணத்தை அறிய உடலமைப்பை நோக்குதல் வேண்டும். முள்ளந்தண்டின் திருவெலும்புப் பகுதியிலிருந்து வரும் பராபரிவு நரம்புகள் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்கின்றன. அதற்கு மேலிருந்து இறங்கும் பரிவு நரம்புகள் பையைத் தளர்த்தி, அதன் கழுத்தை இறுக்குகின்றன. இவ்விரண்டும் இடுப்புக்குழியின் பக்கச் சுவரோரமாக ஒரு வலைப்பின்னலாய்ச் சேர்கின்றன. பரிவு நரம்புகள் அறுபட்டால் அடக்கும் ஆற்றல் குன்றும். பராபரிவு நரம்புகள் அறுபட்டால் பை வெறுமையாகாது சிறுநீர் தேங்கும். புற்றுநோய் பரவும் இழையங்களும் இந்நரம்புகளும் அருகருகே கிடத்தலே சத்திரசிகிச்சை வைத்தியரின் இடர்ப்பாடு. அகல வெட்டினால் நரம்பு போகும். ஒடுக்கி வெட்டினால் நோய் எஞ்சும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் முயற்சி இயந்திரங்களுக்கு முற்பட்டது. 1898இல் வியன்னாவில் வேர்த்தைம் தொடக்கிய விரிவான கருப்பை அகற்றலை, யப்பானிய வைத்தியர் ஒகாபயாஷி 1921இல் மேலும் விரிவாக்கினார். அதன் விளைவாகப் பலருக்குச் சிறுநீர்ப்பை செயலிழந்தது. 1961இல் தோக்கியோவின் கொபயாஷி, கருப்பையைத் தாங்கும் இணையத்தில் குருதிக்கலன்கள் உள்ள பகுதியையும் நரம்புகள் உள்ள பகுதியையும் வேறுபிரித்து, பின்னதைக் காக்கும் வழியை விளக்கினார். புரொஸ்ரேற் சுரப்பியைப் பொறுத்தவரை, 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அமெரிக்கரான வோல்ஷும் டச்சு வைத்தியரான டொங்கரும், இறந்து பிறந்த சிசுவின் உடலை ஆராய்ந்து, ஆண்குறி விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே செல்வதைக் கண்டனர். 1982இல் அந்நரம்புகளைக் காக்கும் சத்திரசிகிச்சையை வோல்ஷ் செய்தார்.

இவ்வறிவு வளர்ந்த பின்னரே, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி இயந்திரம் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் நுழைந்தது. இது தானாக எதையும் வெட்டுவதில்லை. வைத்தியர் ஒரு மேடையில் அமர்ந்து, பெருப்பித்துக் காட்டப்படும் முப்பரிமாணக் காட்சியை நோக்கியவாறு கருவிகளை இயக்குகின்றார். கருவியின் நுனி மணிக்கட்டைப் போல் வளையும், கைநடுக்கம் வடிகட்டப்படும். ஒடுங்கிய இடுப்புக்குழியில் நுண்ணிய நரம்பைக் காண்பதற்கு இவை பேருதவியே. 2010இல் இத்தாலிய வைத்தியர்கள், சிறுநீர்ப்பையின் முன்புறத் தாங்கிகளைத் தொடாது பின்புறமாகச் சென்று புரொஸ்ரேற்றை அகற்றும் முறையை வெளியிட்டனர்; அம்முறையில் சிறுநீர்க் கட்டுப்பாடு விரைவில் மீள்கின்றது.

எனினும், கருவியின் நன்மை ஆய்வினாற் சோதிக்கப்படல் வேண்டும். 2016இல் வெளியான பிறிஸ்பேன் ஆய்வில், திறந்த முறையையும் றோபோ முறையையும் ஒப்பிட்டபோது, 12 வாரங்களின் பின் சிறுநீர்த் தொழிற்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிய 2018ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வு இன்னும் கடுமையான எச்சரிக்கையைத் தந்தது. நோயின்றி நாலரை ஆண்டுகள் வாழ்ந்தோர் திறந்த முறையில் 96.5 சதவீதத்தினர், பெரும்பாலும் லப்பறஸ்கோப்பினாலும் சிறுபான்மை றோபோவினாலும் செய்யப்பட்ட சிறுதுளை முறையிலோ 86 சதவீதத்தினரே.

ஆதலால் நரம்பைக் காப்பதற்கு முதலில் வேண்டப்படுவது அதன் பாதையை அறிந்த கண்ணும் பயின்ற கையுமே. இயந்திரம் அவற்றுக்குத் துணையாகலாம். அவற்றின் இடத்தைப் பெறுதல் இயலாது. பெருஞ்செலவில் இயந்திரத்தை வாங்கவியலாத நாடுகளும் இவ்வறிவைத் தம் வைத்தியருக்குப் பயிற்றலாம். சிறுநீர் தடையின்றிக் கழியும் வாழ்வு செல்வருக்கு மட்டும் உரிய வசதியாகிவிடலாகாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே இவ்வாபத்தை நோயாளிக்கு விளக்குதலும், பின்னர் எஞ்சும் சிறுநீரை அளந்து கவனித்தலும் எந்த வைத்தியசாலையிலும் செய்யத்தக்கனவே.