உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள்!

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவரிடம், வாய்க்கால் அடைத்துக் கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "கரையிலே ஒரு வெட்டு வெட்டித் தண்ணியைத் திருப்பி விடுவேன்" என்பார். பச்சைக் குழந்தையின் மூளைக்குள்ளும் டாக்டர்கள் இன்று அதையே செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

மூளைக்குள் எப்போதும் நீர் சுரந்து கொண்டிருக்கிறது; பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர்! சுரந்த நீர் மூளையைச் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்து விடும. சில குழந்தைகளுக்கு வழியில் அடைப்பு. நீர் தேங்குகிறது. மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாத வயசாதலால் தலை பெருக்கிறது. வீட்டுப் பாட்டியோ, "பெரிய தலை, கலெக்டராக வருவான்!" என்று திருஷ்டி கழிக்கிறாள்.

1910-லேயே சிகாகோ டாக்டர் லெஸ்பினாஸ், மூத்திரப் பையைப் பார்க்கும் குழலை இரண்டு குழந்தைகளின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார். ஒன்றுதான் பிழைத்தது. 1923-இல் பாஸ்டனில் டாக்டர் மிக்ஸ்டர், ஒரு பெண் குழந்தைக்கு இப்படிக் குழல் விட்டு, நீருக்கு மாற்று வழி திறந்தார். ஆனால் அந்தக் குழல்களில் வெளிச்சம் போதாது; எல்லாம் மங்கல். வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை ரண சிகிச்சையைத் தொடங்கியபோதும் அதே நிலைதான். 1959-இல் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ், குழலுக்குள் காற்று இருந்த இடத்தில் கண்ணாடிக் கோல்களை வைத்தார். உள்ளே பளிச்சென்று தெரிந்தது!

இந்த 'எண்டாஸ்கோப்'பை மண்டையில் ஒரு சிறு துளை வழியாக இறக்குகிறார்கள். மூளையின் நடு அறையில், மெல்லிய சவ்வு ஒன்று தளமாக இருக்கிறது. அதில் துளையிட்டு, குட்டி பலூனை ஊதி விரித்தால், தேங்கிய நீர் புது வழியில் இறங்கிவிடும். சவ்வுக்கு அடியிலேயே மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய நாளம் துடிக்கிறது. கை இம்மி பிசகக் கூடாது!

எல்லாக் குழந்தைக்கும் இது பலிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குச் சற்றுக் குறைவாகவே பலிக்கிறது. அவர்களில் பலருக்குத் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ரப்பர் போன்ற குழாய் வைப்பார்கள். அதுவும் உயிர் காப்பதுதான். ஆனால் குழாய் அடைத்துக் கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம், மாற்ற வேண்டி வரலாம்.

எதுவானாலும் நாள் கடத்தினால் மூளை நசுங்கும். பார்வைக்கும் அறிவு வளர்ச்சிக்கும் ஆபத்து. முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் யார்? எண்ணெய் தேய்த்து விடும் நீங்கள்தான்! குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போது உச்சிக்குழி விம்மிப் புடைத்திருக்கிறதா? நெற்றியில் நரம்புகள் ஓடுகின்றனவா? கருவிழி கீழே தாழ்ந்து, மேலே வெள்ளை தெரிகிறதா? அடிக்கடி வாந்தியா? குழந்தை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். உச்சிக்குழி வழியாகவே ஸ்கான் எடுத்துப் பார்த்து விடலாம், வலியில்லை.

தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே வைத்து, பின்மண்டையின் மேட்டைச் சுற்றி அளந்து பாருங்கள். பிறந்த குழந்தைக்குச் சுமார் 35 சென்டிமீட்டர், ஒரு வயசில் சுமார் 46. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் போல் கூடும். பிறகு வேகம் குறையும். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே மாதாமாதம் அளவைக் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.