“61 போட்டிருக்கீங்க, எதுல சார் குறைஞ்சது?”

திருச்சியில் ஒரு கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் குழுப்பாடல், குழு நடனப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். எனக்கு இசையும் தெரியாது, நடனமும் தெரியாது. ‘உச்சரிப்பைக் கவனிக்க ஒரு தமிழாசிரியர் வேண்டும்’ என்றுதான் அழைத்தார்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை 14 குழுக்கள். முடிவு அறிவித்தார்கள், கோப்பை கொடுத்தார்கள், எங்களுக்கும் சால்வை போர்த்தினார்கள்.

வண்டி எடுக்கப் போகும்போது ஒரு மாணவி ஓடி வந்தாள். “சார், ஸ்ரீரங்கத்துல உங்ககிட்டதான் எட்டாவது படிச்சேன்” என்றாள். மேடையில் அவளை நான் அடையாளம் காணவில்லை. நடுவருக்கு அது நல்லதுதான். “எங்க குழுவுக்கு 61 போட்டிருக்கீங்க. எதுல சார் குறைஞ்சது?” என்று கேட்டாள். சண்டைக்கு வந்த கேள்வி இல்லை. தெரிந்துகொள்ள வந்த கேள்வி.

பையில் மதிப்பெண் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து கட்டம், ஐந்து எண். அந்த எண்களைப் போட்டபோது மேடையில் எதைப் பார்த்தேன் என்பது நினைவில் இல்லை. “நல்லாத்தாம்மா பண்ணீங்க, இன்னும் கொஞ்சம் ஒருங்கிணைப்பு வேணும்” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டாள். காவிரிப் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது. நான் சொன்ன அந்த வரி அன்று ஆடிய 14 குழுக்களுக்கும் பொருந்தும். அப்படியானால் அது யாருக்கும் சொன்ன வரி இல்லை.

இதை நம் இதழில் எழுதக் காரணம் இருக்கிறது. 2022-23ஆம் கல்வியாண்டில் கலைத்திருவிழா தொடங்கியதிலிருந்து பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் நடக்கின்றன. பள்ளி அளவில் நடுவராக உட்காருபவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான். கணக்கு, அறிவியல், தமிழ் எடுப்பவர்கள். ஒரு குழு மேலே போனால் மற்ற குழுக்கள் அங்கேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் மதிய இடைவேளையை விட்டுப் பயிற்சி எடுத்த அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறார்கள்? ஒரு எண்ணை, அல்லது அதுகூட இல்லாமல் ‘செலக்ட் ஆகல’ என்ற சொல்லை.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அங்கே அரங்கேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அறிஞர்கள் எழுப்பிய தடை. இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லாதது, இங்கே எதற்கு என்று கேட்டார்களாம். மேட்டழகிய சிங்கர் தலையசைத்து அதை ஏற்றார் என்று கதை முடிகிறது. சிங்கத்தை விடுங்கள். அந்த அவை கம்பருக்கு மதிப்பெண் போடவில்லை. இன்ன இடத்தில் இன்னது ஏன் என்று கேட்டது. இடத்தைச் சொன்னதால்தான் பதில் சொல்ல வழி இருந்தது. நிகழ்ச்சியைத் திறனாய்வு செய்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இசை தெரியாதவர் ஒரு குழுப்பாடலில் இடத்தைச் சுட்டிச் சொல்ல முடியுமா? முடியும். கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். முதல் முறை பல்லவி பாடும்போது எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி முறை பாடும்போது மறுபடி பாருங்கள். 22 விநாடியில் தொடங்கிய பல்லவி 18 விநாடியில் முடிந்தால் குழு ஓடியிருக்கிறது. பதற்றத்தில் பிள்ளைகள் வேகம் கூட்டுவது இயல்பு. ‘தாளம் சரியில்லை’ என்பதைவிட ‘இரண்டாம் சரணத்திலிருந்து வேகம் கூடியது, கடைசிப் பல்லவி 4 விநாடி முன்னதாக முடிந்தது’ என்பது அவர்களுக்குப் பயன்படும். அடுத்த நாள் பயிற்சியில் அவர்களே கடிகாரம் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

சுருதிக்கும் ஒரு வழி உண்டு. பொதுவாகப் பெண் குரல்கள் 5 கட்டையை ஒட்டியும் ஆண் குரல்கள் 1 கட்டையை ஒட்டியும் நிற்கும். (கீபோர்டில் சி என்பது 1 கட்டை, ஜி என்பது 5 கட்டை.) தொடக்க வகுப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை, சிறுவர் சிறுமியர் குரல் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில்தான் தொல்லை. பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. பாடல் ஆசிரியை தம் குரலுக்கு ஏற்ற கட்டையில் சொல்லிக்கொடுத்திருப்பார். பெண்கள் பாடிவிடுவார்கள். சரணம் மேலே ஏறும்போது பின்வரிசைப் பையன்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். காது பழகாத நமக்கு அது கேட்காது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்: கழுத்து நரம்பு புடைக்கும், தாடை மேலே தூக்கும், பிறகு பாடுவதை விட்டுவிடுவார்கள். ‘சரணத்தின் மேல் வரியில் நான்கு பேர் பாடவில்லை, கட்டையைக் குறைத்துப் பாருங்கள்’ என்று எழுதலாம். அந்த நான்கு பேரும் ‘நமக்குப் பாட்டு வராது’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகவாவது எழுத வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். குழுப்பாடலின் முதல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பட்டுப்பாவாடையும் மல்லிகைப்பூவும் காதில் விழாது.

நடனத்துக்கு வருகிறேன். நடுவரின் கண் எங்கே போகும் என்று என்னையே கவனித்துப் பார்த்தேன். முன்வரிசை நடுவில் நிற்கும் பிள்ளையிடம்தான் போகிறது. நன்றாக ஆடுபவரைத்தான் அங்கே நிறுத்தியிருப்பார்கள். எட்டுப் பேர் ஆட, ஒருவரைப் பார்த்து மதிப்பெண் போட்டால் அது குழு நடனத்துக்குப் போட்ட மதிப்பெண் ஆகாது. இப்போதெல்லாம் இரண்டாவது நிமிடத்தைக் கடைசி வரிசைக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். அங்கேயும் முகத்தை அல்ல, முதலில் பாதத்தை. கை மற்றவரைப் பார்த்து நகல் எடுத்துவிடும், பாதம் எடுக்காது. அடவு தெரிந்த பிள்ளையா, பக்கத்தில் பார்த்துப் பின்தொடரும் பிள்ளையா என்பதைக் காலே காட்டிக்கொடுக்கும்.

நம் நாட்டுப்புற ஆட்டங்கள் இந்த வகையில் நடுவருக்கு மிகவும் உதவுபவை. கும்மியில் கைதட்டு ஒன்றாக விழுகிறதா, சிதறி விழுகிறதா என்பது யாருக்கும் கேட்கும். ஒயிலாட்டத்தில் ஒரு வரிசையே உடல்போல அசைய வேண்டும், கையில் உள்ள துணி எந்தத் தாளத்தில் மேலே போகிறது என்று பார்த்தால் போதும். கோலாட்டத்தில் ஒருவர் தவறினால் எதிரில் நிற்பவரின் கோல் காற்றில் நிற்கும். எல்லாவற்றையும்விட நேர்மையானது பின்னல் கோலாட்டம். மேலே கட்டிய வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உள்ளே வெளியே என்று மாறி மாறிச் சுற்றிப் பின்னுவார்கள். பிறகு அதே வழியில் திரும்பி ஆடி அவிழ்ப்பார்கள். பின்னும்போது யாராவது ஓர் இடத்தில் உள்ளே போவதற்குப் பதில் வெளியே போயிருந்தால் அந்தத் தவறு பின்னலிலேயே தங்கிவிடும். பார்வையாளர் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அவிழ்க்கும்போது அந்த முடிச்சில் வந்து நிற்கும். அப்போது குழு என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒருவரை ஒருவர் முறைத்தால் ஒரு வகை. தாளம் விடாமல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு, ஒரு பிள்ளை மட்டும் கயிற்றைச் சுற்றிச் சரிசெய்துகொண்டு வந்தால் அது வேறு வகை. இரண்டாவது குழுவுக்குத் தவறுக்காக மதிப்பெண் குறைத்தாலும், ‘முடிச்சு விழுந்தபோது தாளத்தை விடவில்லை’ என்ற வரியை எழுதாமல் விட மாட்டேன்.

முகபாவத்தைப் பற்றி எழுதும்போது ‘பாவம் நன்று’, ‘பாவம் போதாது’ என்ற இரண்டு தொடர்களோடு நிறுத்திவிடுகிறோம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பத்தாம் வகுப்புக்கு மேல் இதை நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம், மேடைக்கு முன் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். ‘வெள்ளம் வரும் இடத்தில் அச்சம் வர வேண்டும், எல்லோரும் சிரித்தபடியே ஆடினீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். எட்டுச் சொற்கள் கையில் இருந்தால் எட்டு வகையாகப் பார்க்க முடிகிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர் சேவை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக நின்று பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்வார்கள். அங்கே கை சொல்லின் பொருளைத் தொட்டுப் போகிறது. நம் பிள்ளைகளின் நடனங்களில் பல நேரம் கை தாளத்தை மட்டும் தொடுகிறது. பாடல் ஒன்று சொல்ல உடல் வேறொன்று செய்யும். அதைச் சொல்ல நடனம் கற்றிருக்க வேண்டியதில்லை, பாடலைக் கேட்டிருந்தால் போதும்.

மேடையையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கின் அளவு வருகிறது. 24 பெருவிரல் அளவு கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தூண்களின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு வைத்ததையும் இளங்கோ விடவில்லை. நாமோ திடலில் பயிற்சி கொடுத்துவிட்டு, காலை வழிபாட்டு மேடையில் பன்னிரண்டு பேரை ஏற்றுகிறோம். இடித்துக்கொண்டால் ‘ஒருங்கிணைப்பு இல்லை’ என்று குறைக்கிறோம். ஒலிபெருக்கி பாதியில் நின்றதும், மிக்ஸிங் செய்த பாட்டு கரகரத்ததும் அப்படித்தான். அவை பிள்ளைகளின் குறை அல்ல.

சங்கடமான ஒன்று. அந்தக் கல்லூரித் தாளை வீட்டில் வைத்து மறுபடி பார்த்தேன். வாடகைக்கு எடுத்த பளபளக்கும் ஆடையோடு வந்த குழுவுக்கு ஆடையில் நிறைய போட்டிருந்தேன். அது சரி. ஆனால் அதே குழுவுக்கு அடவு, பாவம், ஒருங்கிணைப்பு எல்லாக் கட்டங்களிலும் நிறைய இருந்தது. ஜரிகை பக்கத்துக் கட்டங்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 61 வாங்கிய குழு சாதாரணச் சுடிதாரில், ஒரே நிறத் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஆடியது என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: முதலில் ஆடிய மூன்று குழுக்களில் ஒன்றுகூட 65ஐத் தாண்டவில்லை. ‘இனிமேல் நன்றாக ஆடுபவர்கள் வரலாம்’ என்று கையை இறுக்கி வைத்திருந்திருக்கிறேன். அவர்கள் குழு இரண்டாவதாக ஆடியது.

கேரளத்தில் பள்ளிக் கலோத்சவம் 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. அங்கே ஒரு கட்டத்தில் கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களுக்கான போட்டி பெற்றோருக்கிடையிலான போட்டியாக மாறி, மேல்முறையீடுகள் நீதிமன்றம் வரை போயின. பின்னர் அந்தப் பட்டங்களை நிறுத்திவிட்டார்கள். நம் கலையரசன், கலையரசி பட்டங்களுக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. எண்ணுக்குப் பின்னால் காரணம் எழுதியிருந்தால் பாதிச் சண்டை எழாது என்பது என் எண்ணம்.

இப்போது என் முறை இது. ஒரு குழுவுக்குக் கால் பக்கம். மூன்று வரிதான் எழுதுவேன். கண்ணில் பட்ட ஒரு நல்ல இடம், நின்ற ஓர் இடம், அடுத்த பயிற்சியில் செய்துபார்க்க ஒன்று. ‘அருமை’, ‘சிறப்பு’, ‘இன்னும் முயற்சி தேவை’ ஆகிய சொற்களை எனக்கு நானே தடை செய்துகொண்டேன். எந்தப் பிள்ளையின் பெயரும், நிறமும், உடல்வாகும் அதில் வராது. ‘இடப்பக்கம் கடைசியில் நின்றவர்’ என்று எழுதினால் குழுவுக்குப் புரிந்துவிடும். முடிவு அறிவித்த பிறகு அந்தச் சீட்டைக் குழுவிடமே கொடுத்துவிடுவேன்.

சென்ற முறை பள்ளி அளவுப் போட்டியில் ஏழாம் வகுப்புப் பையன்கள் எட்டுப் பேர் காவிரியைப் பற்றி ஒயிலாட்டம் ஆடினார்கள். இரண்டாம் இடம். சீட்டில் ‘நடுவில் தாளம் அறுந்தது’ என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு பையன் நேராக என்னிடம் வந்தான்.

“சார், அறுந்துபோகல சார். வேணும்னேதான் நின்னோம். ஆத்துல தண்ணி நின்னுபோற இடம் சார் அது.”

குறிப்பேட்டைப் புரட்டினேன். நின்ற நேரத்தைக் குறித்திருந்தேன். பக்கத்திலேயே என் கையெழுத்தில் ‘எட்டுப் பேருக்கும் வலது கால் முன்னே’ என்றும் இருந்தது. பார்த்திருக்கிறேன், புரிந்துகொள்ளவில்லை. சீட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, ‘நின்ற இடத்தில் எட்டுப் பேரும் ஒரே காலில் நின்றீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியலில் அதற்குள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தோம்.