நகரம் இல்லாதவர்களுக்கு நாகரிகம் இல்லையா?
வியூக விளையாட்டுகள் போடும் கணக்கு

வரலாற்றையே ஆட்டமாக்கிய கணினி விளையாட்டுகளில் மிகவும் பேர்பெற்றது 'சிவிலைசேஷன்'. சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்த இதன் முதல் பதிப்பு 1991இல் வெளியானது. கி.மு. 4000இல் ஒரு சிறு குழுவோடு தொடங்கி, நகரங்களைக் கட்டி, எழுத்து முதல் அணுகுண்டு வரை கண்டுபிடித்து, ஒரு 'நாகரிகத்தை' வெற்றிக்கு இட்டுச்செல்ல வேண்டும். முதல் பதிப்பில் தெரிவுசெய்யக் கிடைத்த நாகரிகங்கள் 14. ரோமர், எகிப்தியர், சீனர், இந்தியர், ஆங்கிலேயர், சூலுக்கள் அவற்றுள் சில.

பட்டியலில் இடம்பெறாத மக்களும் வரைபடத்தில் இருந்தார்கள், இரண்டு வடிவங்களில். ஒன்று, நமது படை போய்ச் சேர்ந்ததும் தங்கத்தையோ தொழில்நுட்பத்தையோ தந்துவிட்டு மறைந்துபோகும் சிறு கிராமங்கள். மற்றது, வெற்று நிலங்களிலிருந்து வந்து தாக்கும் 'காட்டுமிராண்டிகள்'. இந்த இரு சாராருக்கும் தலைவர் பெயர் இல்லை, வெல்லும் வாய்ப்பும் இல்லை.

யார் நாகரிகம், யார் காட்டுமிராண்டி என்பதை எந்த அளவுகோல் தீர்மானிக்கிறது?

இந்த அளவுகோல் விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அவுஸ்திரேலியாவில் பிறந்த தொல்லியலாளர் வீ. கோர்டன் சைல்ட் 1950இல் நகரச் சமூகங்களின் அடையாளங்களாகப் பத்து அம்சங்களைப் பட்டியலிட்டார். பெரிய குடியிருப்புகள், உபரி விளைச்சலைத் திரட்டும் வரி, மாபெரும் கட்டடங்கள், ஆளும் வர்க்கம், எழுத்து, தூர தேச வணிகம், அரசு போன்றவை அவை. விளையாட்டு இவற்றைப் புள்ளிகளாக மாற்றியது. இதில் சொற்களுக்கும் பங்குண்டு. 'சிவிலைசேஷன்' என்பது நகரக் குடிமகனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நமது 'நாகரிகம்' என்பதற்குள்ளும் நகரம் இருக்கிறது.

ஆட்டத்தின் பொறிமுறை இன்னும் கறாரானது. ஒரு மக்கள் கூட்டம் நாகரிகமாக நுழைய வேண்டுமானால் ஒரு தலைவர், ஒரு தலைநகர், நகரப் பெயர்களின் பட்டியல், தனக்கே உரிய ஒரு படைப்பிரிவு ஆகியவை தேவை. ஐந்தாம் பதிப்பில் ஹூணர்கள் சேர்க்கப்பட்டபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. நாடோடிகளான அவர்களுக்கு நகரப் பட்டியல் இல்லை. ஆகவே, ஆட்டத்தில் உள்ள மற்ற நாகரிகங்களின் நகரப் பெயர்களை அவர்கள் இரவல் வாங்குகிறார்கள்.

இந்த அளவுகோலை ஏற்காத மக்களும் உண்டு. அதே ஐந்தாம் பதிப்பில், 1680இல் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்த பியூப்லோ மக்களையும் அவர்களது தலைவர் போப்பேயையும் சேர்க்கத் தயாரிப்பாளர்கள் விரும்பினர். தங்கள் தலைவர் தங்கள் மொழியில் பேசுவதாகக் காட்டுவதற்குப் பியூப்லோ தலைவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் ஆறாம் பதிப்பில் கிறீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கர் சேர்க்கப்பட்டார். 1885இல் பின்வாங்கிய கனேடியப் படையைத் துரத்திச் செல்லாமல் தன் ஆட்களைத் தடுத்தவர் அவர். அப்படியிருந்தும் கனடா அவரைத் தேசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறையிட்டது. 2019இல்தான் அவர்மீதான பழி அரசால் நீக்கப்பட்டது. விளையாட்டில் இடம் கிடைத்ததை அவரது வழிவந்த சமூகத்தின் தலைவர்களுள் ஒருவரான மில்டன் டூடூசிஸ் விமர்சித்தார். பிறர் நிலத்தைக் கைப்பற்றுவதே குறிக்கோள் என்ற குடியேற்றவாதிகளின் விழுமியத்தை எங்கள்மேலும் ஏற்றுகிறார்கள் என்பதே அவரது வாதம்.

பட்டியலில் இடம் தருவது மட்டும் மரியாதை ஆகிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. 2025இல் வந்த ஏழாம் பதிப்பில் ஷாவ்னி மக்களைச் சேர்த்தபோது, அந்த மக்களின் தலைவர் பென் பார்ன்ஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்தே வேலை நடந்தது. அதே பதிப்பில் 'காட்டுமிராண்டிகள்' என்ற பெயரும் போய், 'சுயாதீனச் சக்திகள்' என்ற பெயர் வந்தது. ஆனாலும் அவர்களை நட்பாக்கலாம், அல்லது 'கலைத்து'விடலாம். கலைப்பவருக்கு வெகுமதியும் உண்டு.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆறாம் பதிப்பில் கண்டி ஒரு 'நகர அரசு'. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் பணியாமல் 1815 வரை நின்ற இராச்சியம், ஆட்டத்தில் வெல்ல முடியாத துணைப் பாத்திரமாக நிற்கிறது. அதன்மேல் செல்வாக்குப் பெறும் ஆட்டக்காரருக்குப் புனிதச் சின்னங்கள் கிடைக்கும். ஏழாம் பதிப்பில் சோழர் ஒரு முழு நாகரிகம். தமிழர் பலர் மகிழக்கூடிய செய்திதான். ஆனால் சோழருக்கென்று வைத்திருக்கும் சிறப்புகளைக் கவனியுங்கள்: மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர். இவை வணிகக் குழுக்கள். ஐந்நூற்றுவரின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சுமாத்திராவின் பாரூஸில் கிடைத்திருக்கிறது. அரசர் இல்லாத ஊரிலும் இயங்கிய அமைப்பு அரசரின் கணக்கில்தான் பதிவாகிறது.

நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. ஐந்தாம் பதிப்பில் கைப்பற்றிய நகரத்தை எரித்தழிக்க முடிவெடுத்தால், முறைக்கு முறை அதன் மக்கள்தொகை ஒவ்வொன்றாகக் குறைந்து பூச்சியத்துக்கு வரும். பிறகு வரைபடத்தில் அந்த இடம் வெறுமை. அந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஆட்டத்தில் விடை இல்லை. அகதி என்றொரு பாத்திரமே அங்கு கிடையாது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோது, இந்தக் கணக்கின்படி அங்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தென்மராட்சியிலும் வன்னியிலும் பாடசாலைகள் நடந்தன, பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், கல்யாணங்களும் செத்தவீடுகளும் ஊர்முறைப்படியே நடந்தன. நகரம் போன பிறகும் மிஞ்சி நின்ற இவற்றுக்கு எந்த விளையாட்டிலும் புள்ளி இல்லை.

அதற்காக இவற்றை விளையாடக் கூடாது என்பதில்லை. வரலாற்றின் மேல் ஆசையை ஊட்டும் விளையாட்டுகள் இவை. பிள்ளைகள் விளையாடும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வைக்கலாம்: 'இந்த வெற்று நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள்?'

திருக்குறளில் 'நாகரிகம்' என்ற சொல் வருவது நாடு, அரண், படை பற்றிய அதிகாரங்களில் அல்ல, 'கண்ணோட்டம்' என்ற அதிகாரத்தில். அங்கே அதன் பொருள், பழகியவர் மனம் நோகாமல் நடக்கும் பண்பு. அந்த அளவுகோலால் அளந்தால், காட்டுமிராண்டிகளின் பட்டியலை வேறுவிதமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.