கருவி தேர்தல்

பள்ளி நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் தேடிக் காணுமாறு அமைக்க விழையும் மாணவர், முதலில் நல்லதொரு தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். விலையின்மை ஒன்றே அதன் சிறப்பன்று. மூல நிரலை யாவரும் கண்டு திருத்தும் உரிமையே தலையாய சிறப்பாகும்.

1995-இல் தோன்றிய மைஎஸ்கியூஎல் மென்பொருள், 2008-இல் சன் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2009-இல் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தையே வாங்க முற்பட்டது. கவலையுற்ற மைக்கேல் விடெனியசு, மைஎஸ்கியூஎல்லைப் படைத்தோருள் ஒருவர், திறந்திருந்த அந்நிரலைக்கொண்டே மரியாடிபி என்னும் கிளை மென்பொருளை அவ்வாண்டே தொடங்கினார். மூடிய நிரலாயின் இஃது இயலுமோ?

எனினும், தொடக்கப் பணிக்குப் பெருங்கருவி வேண்டுவதன்று. தனியே வழங்கி நிறுவாமல், தரவு முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும் எஸ்கியூலைட்டே போதும். அதன் நிரலும் அனைவர்க்கும் பொதுவானதே. பணியின் அளவறிந்து கருவி கொள்க. உரிமையறிந்து அதனை நம்புக.