உரிமம் வேறு, வேலை வேறு

பள்ளுருத்தியிலிருந்து புறப்பட்டுத் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவை அடையலாம். அங்குள்ள ஐ.என்.எஸ். கருடா என்னும் கடற்படை விமானத் தளம் 1953ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 1999ஆம் ஆண்டில் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கப்படும் வரை, கொச்சிக்கு வந்த பயணியர் விமானங்களும் இத்தளத்தில்தான் இறங்கின. இந்தியக் கடற்படையின் முதல் பெண் விமானியான சிவாங்கி, 2019 டிசம்பர் 2ஆம் நாள் கொச்சியில்தான் அத்தகுதியைப் பெற்றார். இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு, 'நாமும் விமானி ஆக வேண்டும்' என்னும் விருப்பம் தோன்றுவது இயல்பே.

அவ்விருப்பம் நிறைவேறப் பெரும்பொருள் வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ 40 முதல் 60 இலட்சம் ரூபாய் வரை செலவாகிறது. பிழைப்பு நாடித் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு குடும்பம் இத்தொகையைத் திரட்ட வேண்டுமானால், பல்லாண்டுச் சேமிப்பைக் கரைக்க வேண்டும். ஊரில் உள்ள நிலத்தை விற்க வேண்டும். அல்லது வங்கியில் கடன் பெற வேண்டும். இந்நிலையில், 'பணம் கட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி' என்னும் விளம்பரம் பெற்றோருக்குப் பெரும் ஆறுதலாகத் தோன்றும். நேர்மையாகப் பயிற்சி தரும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் இடையே மயக்கும் திட்டங்களும் உலவுகின்றன. இரண்டையும் பிரித்தறியும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று படிகள்

பயணியர் விமானத்தின் விமானி ஆவதற்கு மூன்று படிகளைக் கடக்க வேண்டும்.

முதற்படி உரிமம் பெறுவது. இதனை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். இது மத்திய அரசின் அமைப்பு. உரிமம் பெற விரும்புவோருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் பயின்று 12ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மருத்துவச் சோதனையில் தகுதி பெற வேண்டும். வான்வழிச் சட்டங்கள், வானிலையியல், வழியறிதல், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் தேர்வு எழுதித் தேற வேண்டும். இவற்றுடன் 200 மணி நேரம் விமானம் ஓட்டிய பட்டறிவும் வேண்டும்.

இரண்டாம் படி வகைத் தகுதி பெறுவது. பயிற்சிப் பள்ளியில் ஓட்டுவது பெரும்பாலும் சிறிய விமானம். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற பெரிய விமானம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. இதனை 'டைப் ரேட்டிங்' என்பர். இதற்கு மேலும் பல இலட்சம் ரூபாய் செலவாகும்.

மூன்றாம் படி வேலை பெறுவது. இதனை முடிவு செய்வது விமான நிறுவனம் ஒன்றே. தனக்குத் தேவை உள்ளபோது, தானே தேர்வு நடத்தி, தனக்கு ஏற்றவரை அந்நிறுவனம் அமர்த்திக்கொள்ளும்.

முதற்படியை அரசு தருகிறது. மூன்றாம் படியை விமான நிறுவனம் தருகிறது. இவ்விரண்டையும் தன் கையில் வைத்திருப்பதாகக் கூறும் பயிற்சி நிலையம் எதுவாயினும், அதன் சொல்லை ஐயுற்று ஆராய்தல் வேண்டும்.

மயக்கும் சொற்கள்

தவறான வழி காட்டும் விளம்பரங்கள் முழுப் பொய்யைக் கூறுவது அரிது. பாதி உண்மையைக் கூறி, மீதியை மறைப்பதே அவற்றின் இயல்பு. 'எங்கள் மாணவர்கள் முன்னணி நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர்' என்பது உண்மையாக இருக்கலாம். எத்தனை மாணவர் சேர்ந்தனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், மற்றவர் நிலை என்ன என்பவை அங்கே இடம்பெறுவதில்லை. 'அரசு ஏற்பு பெற்றது' என்னும் தொடரும் அத்தகையதே. தரைப்பாட வகுப்பு மட்டும் நடத்தும் நிலையம் வேறு. விமானம் ஓட்டக் கற்றுத்தர இயக்குநரகத்தின் ஏற்பு பெற்ற பள்ளி வேறு. 'இன்னும் மூன்று இடங்களே உள்ளன. இன்றே கட்டினால் சலுகை' என்று அவசரப்படுத்துவதும் எண்ணிப் பார்க்க இடம் தராமல் இருப்பதற்கே.

விமான நிறுவனங்கள் சில, பயிற்சிப் பள்ளிகளுடன் இணைந்து பயிற்சி விமானித் திட்டங்களை நடத்துகின்றன. அவற்றிலும் வேலை பற்றிய உறுதி பெரும்பாலும் நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. எல்லாத் தேர்வுகளிலும் தேற வேண்டும்; அப்போது நிறுவனத்தில் காலியிடமும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ளதைக் காட்டிலும் ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் உள்ளதே செல்லுபடியாகும்.

வெளிநாடுகளில் இன்னொரு வழக்கமும் காணப்படுகிறது. உரிமமும் வகைத் தகுதியும் பெற்ற இளம் விமானி, துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து சில நூறு மணி நேரம் பறப்பதற்காகத் தானே பணம் கட்டுகிறார். உழைப்பவர் ஊதியம் பெறுவதற்கு மாறாக, ஊதியம் தருபவராக மாறுகிறார். அந்த மணிக்கணக்கு முடிந்ததும் இருக்கை, பணம் கட்டும் அடுத்தவருக்குச் செல்கிறது. ஐரோப்பிய விமானிகளின் சங்கங்கள் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்து வருகின்றன.

முன்பணத்தால் வந்த இழப்பு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, 'சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ்' என்னும் பயிற்சி நிறுவனம் இயங்கியது. பல மாநிலங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. கட்டணம் ஏறத்தாழ 70,000 டாலர். மாணவர் பலர் கல்விக்கடன் பெற்று, பயிற்சி தொடங்கும்போதே முழுத் தொகையையும் செலுத்தினர். பயிற்சி ஹெலிகாப்டர்களும் ஆசிரியர்களும் போதாமையால், பலருக்குப் பயிற்சி நீண்டுகொண்டே சென்றது. 2008 பிப்ரவரி 3ஆம் நாள் அந்நிறுவனம் திடீரென மூடப்பட்டது. ஏறத்தாழ 2,500 மாணவர்கள் பயிற்சி முடியாமல் நின்றனர். பயிற்சி நின்றது; கடன் நிற்கவில்லை. பல மாநில அரசுகள் தலையிட்ட பிறகே கடனின் ஒரு பகுதி தள்ளுபடி ஆயிற்று.

அந்நிறுவனம் நாடறிந்த நிறுவனமே. எனினும், பெறாத பயிற்சிக்கு முன்னரே முழுப் பணமும் செலுத்திவிட்டமையால் மாணவர் கையில் பிடி ஒன்றும் இல்லாமற் போயிற்று. பயிற்சி எவ்வளவு நடந்ததோ அவ்வளவுக்கு மட்டும் பணம் செலுத்தியிருந்தால், இழப்பும் அந்த அளவோடு நின்றிருக்கும்.

வேலைக்கு உறுதி கூற இயலுமா?

இந்திய விமானத் துறையின் அண்மை வரலாறே இதற்கு விடை தருகிறது. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணியர் விமானங்களே பறக்கவில்லை. பட்டறிவு மிக்க விமானிகளும் அக்காலங்களில் வேலையின்றி இருந்தனர். பயிற்சி முடிய ஓரிரு ஆண்டுகள் ஆகும்போது, அன்றைய நிலை எவ்வாறு இருக்கும் என்பதை விமான நிறுவனங்களே அறியா. பயிற்சி நிலையம் அதற்கு எவ்வாறு பொறுப்பேற்க இயலும்?

குறுக்குவழியின் முடிவு

சிலர், 'தேர்வைப் பற்றிக் கவலை வேண்டா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பர். இது மயக்கும் விளம்பரத்தைக் காட்டிலும் கொடியது. 2011ஆம் ஆண்டில், கோவாவில் ஒரு விமானம் முறை தவறி, முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி இறக்கப்பட்டது. அதனை ஓட்டியவரின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, மதிப்பெண் சான்று போலி எனத் தெரியவந்தது. தொடர்ந்து நடந்த ஆய்வில் வேறு சிலரும் சிக்கினர். விமானிகளோடு இடைத்தரகர்களும் கைது செய்யப்பட்டனர். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய குற்றச்சாட்டு ராஜஸ்தானில் விசாரிக்கப்பட்டது. இங்கு இழப்பு பணத்தோடு முடிவதில்லை. பயணியரின் உயிர் விமானியின் திறமையை நம்பி உள்ளது.

சரிபார்க்கும் முறை

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை ஐந்து.

முதலாவது, மருத்துவச் சோதனை. இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இதனைச் செய்துகொள்ள வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறையுடையதாயின் உரிமம் பெறுவது கடினம். கட்டணம் கட்டிய பின் இதனை அறிவதால் பயனில்லை.

இரண்டாவது, ஏற்பு. ஏற்பு பெற்ற பள்ளிகளின் பட்டியல் இயக்குநரகத்தின் வலைத்தளத்தில் உள்ளது. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையும் 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆண்டுக்கு இருமுறை வெளியாகும் இத்தரவரிசையில் ஐந்து தரங்கள் உள்ளன. முதல் வெளியீட்டில் முதலிரண்டு தரங்களை எந்தப் பள்ளியும் பெறவில்லை. விதிகள் மாறக்கூடியவை ஆதலால், விளம்பரத் தாளை விட்டு வலைத்தளத்தையே பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நேரில் காணுதல். பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர் எனக் கேட்க வேண்டும். விமானம் குறைந்து மாணவர் மிகுந்தால், 200 மணி நேரம் நிறைவுபெற நெடுங்காலம் ஆகும். அங்குப் பயில்வோரிடம் தனியே பேசுவது நல்லது.

நான்காவது, தவணை. பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்பப் பணம் செலுத்தி, உடனுக்குடன் பற்றுச்சீட்டு பெற வேண்டும். தனி மனிதரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புதல் கூடாது.

ஐந்தாவது, எழுத்து. வேலை பற்றி வாய்மொழியாகக் கூறியதை எழுதித் தருமாறு கேட்க வேண்டும். இடையில் விலகினாலோ பள்ளி மூடப்பட்டாலோ எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். எழுதித் தர மறுப்பதே போதிய விடையாகும்.

வெளிநாட்டில் பயில விரும்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அங்குப் பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றுவதற்கு, இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளிலும் தேற வேண்டும்.

ஏமாற்றப்பட்டால் வாளாவிருத்தல் வேண்டா. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய வழிப் பண மோசடிக்கு உதவி எண் 1930. எறணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழி காட்டும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இயலும்.

வேறு வழிகளும் உள்ளன

பெருந்தொகை செலுத்த இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. வான்படையும் கடற்படையும் தாம் தேர்ந்தெடுத்தவர்க்குத் தம் செலவிலேயே பயிற்சி அளிக்கின்றன. 12ஆம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு எழுதலாம். பயணியர் விமானத் துறையை நாடுவோர்க்கு உத்தரப்பிரதேசத்தில் உள்ள இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சிக் கழகம், திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பக் கழகம் ஆகிய அரசு சார்ந்த நிறுவனங்களும் உள்ளன.

நம் இல்லங்கள் பலவற்றில், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வரும் தாள்களைப் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துரைப்பவர் பிள்ளைகளே. பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் நாளை நீங்களே படித்துச் சொல்ல நேரலாம். அப்போது, விரும்பிய வரிகளை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள். 'வேலைக்கு நிறுவனம் பொறுப்பன்று' என்னும் ஒரு வரி இருந்தால், அதனையும் உரக்கப் படியுங்கள். கையொப்பம் இடுபவர் பெற்றோர். எதன் கீழ்க் கையொப்பம் இடுகிறோம் என்பதை அவர்கள் முழுமையாக அறிதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. உரிமம், வகைத் தகுதி, வேலை ஆகியவற்றுள் அரசு வழங்குவது எது? விமான நிறுவனம் வழங்குவது எது?

2. 'பயிற்சி நின்றது, கடன் நிற்கவில்லை' என்னும் தொடரைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.

3. 'பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி' என விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்திடம் நீங்கள் கேட்க விரும்பும் ஐந்து வினாக்களை எழுதி, உங்கள் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக.